சார் தாத்தா

நத்தை ஒன்று ஊர் பார்க்கப் புறப்பட்டது. ஒரு பெரிய கதவின் முன்னால் வந்ததும் காவல்காரன் அதை நிறுத்தி, “உன் வீட்டு விலாசம் என்ன?” என்று கேட்டான். நத்தை திரும்பி நின்று, “முதுகைப் பாருங்க” என்றது.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, “மீதியைத் தாத்தா நேர்ல வந்து சொல்றேன்” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார் அண்ணன். மறுமுனையில் கதை கேட்டவள் கடல் கடந்த நாட்டில் வாழும் அவருடைய பேத்தி. பேத்தியின் தாய், அதாவது அண்ணனின் ஒரே மகள், இரண்டாவது குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டு, படுக்கையை விட்டு எழக்கூடாது என்னும் மருத்துவர் கட்டளையோடு படுத்திருந்தாள். மருமகன் சரக்குக் கப்பலில் பணிபுரிபவன். அவன் நடுக்கடலில் இருந்தான். பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பவும், மகளுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுக்கவும் அங்கே வேறு ஆளில்லை. மனைவியை இழந்த அண்ணன் போய்த்தான் ஆகவேண்டும்.

அண்ணன் தையல் மிஷின் மெக்கானிக். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தவை மிஷினின் உறுப்புகளும், அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்த சில சொற்களும்தான். ஆகவே துணைக்குத் தம்பி புறப்பட்டார்.

தம்பி ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் ஒரு மெமோகூட வாங்காதவர் என்பது அவருடைய பெருமை. குடும்பத்தில் அவருக்கு ‘ரூல்ஸ் சித்தப்பா’ என்று பெயர். உறவுக்காரப் பையன் ஒருவன், பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதம்கூட இல்லை என்ற காரணத்தால் விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டான். அவனை நாலு பேர் நடுவில் நிறுத்தி, “வாங்க ஃபாரின் மாப்பிள்ளை! போன வேகத்துல வந்துட்டீங்களே, அங்க கிளைமேட் ஒத்துக்கலியா?” என்று கேட்டவர் இவர்தான். பையன் தலையைத் தொங்கப் போட்டான். எல்லாரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை, விதிமுறை சிரிப்பதற்குரிய விஷயம் அல்ல என்பது அவர் கொள்கை.

இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்ததும் அவரே. குடும்பப் பெயர் என்ற கட்டம் வந்தபோது, அண்ணனுக்கு இனிஷியலை விரித்துத் தந்தையின் பெயரை எழுதினார். தமக்கு மட்டும் தம் பெயரையே இரண்டாக உடைத்து, பின்பாதியை அந்தக் கட்டத்தில் போட்டுக்கொண்டார்.

“அப்பா பேர் எங்கடா?” என்றார் அண்ணன்.

“அவ்வளவு நீளப் பேரு வெளிநாட்டுக்காரன் வாயில நுழையாதுண்ணா. இதுவும் ரூல்ஸ்படி சரிதான்.”

“சரி விடு. அப்பா கோவிச்சுக்க மாட்டாரு. அவருக்கு எப்பவும் நீதானே செல்லம்” என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார் அண்ணன்.

மகளின் அழைப்புக் கடிதம், திரும்பி வருவதற்கான டிக்கெட், காப்பீடு, மருத்துவரின் சான்று எல்லாவற்றையும் ஒரே நீலநிற ஃபைலில் அடுக்கித் தம்பி தம் தோள்பையில் வைத்துக்கொண்டார்.

“என்னோடதை என்கிட்ட குடேன்.”

“உன்கிட்ட இருந்தா ஸ்குரூவோட ஸ்குரூவா எங்கயாவது போட்டுடுவே. ஃபைல் என்கிட்ட, நீ என் பின்னாடி. அவ்வளவுதான். அங்க ஏன் வந்தேன்னு கேட்டா என்ன சொல்லணும்?”

“விசிட்.”

“வேற?”

“வேற ஒண்ணும் சொல்லக்கூடாது.”

புறப்படும் முன் அண்ணன் மகள் தொலைபேசியில் சொன்னாள்: “சித்தப்பா, நீங்க கூட வர்றீங்கன்னதும்தான் எனக்கு உயிரே வந்துச்சு. அப்பா வெள்ளந்தி. கையை விட்டுடாதீங்க.” தம்பி சற்றுக் கோபத்தோடே பதில் சொன்னார்: “இதெல்லாம் நீ எனக்குச் சொல்லணுமா?”

விமானத்தில் தம்பிக்கு அடுத்த இருக்கையில் ஒரு பாத்திர வியாபாரி உட்கார்ந்திருந்தார். அடிக்கடி பயணம் செய்பவர். “இறங்கினதும் தனித்தனியா போங்க சார். போன தடவை ஒருத்தன் ஏதோ உளறினான். கூட வந்த மச்சானையும் சேத்து உக்கார வச்சு, ரெண்டு பேரையும் ஒரே பிளேன்ல திருப்பி அனுப்பிட்டாங்க. பாஸ்போர்ட்ல கறுப்பா ஒரு முத்திரை. அப்புறம் எந்த நாட்டு வாசலுக்குப் போனாலும் அதைத்தான் முதல்ல பாப்பான்” என்றார். தம்பி கேட்டுக்கொண்டார். ஜன்னலோரம் அண்ணன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

வந்திறங்கிய கூடம் தாழ்ந்த கூரையும் வெளிறிய விளக்குகளுமாக இருந்தது. நாடாக்கள் கட்டி வரிசையை வளைத்து வளைத்து விட்டிருந்தார்கள். கண்ணாடிக் கூண்டுகளுக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு. அழைக்கும்வரை அதைத் தாண்டக்கூடாது. தம்பி சொன்னார்: “நான் முதல்ல போறேன். என்னைப் பாத்து அப்படியே பண்ணு.”

தம்பியின் முறை சுலபமாக முடிந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார், கேட்ட தாளை மட்டும் காட்டினார், கட்டைவிரலை வைத்தார், முத்திரை விழுந்தது. நிமிர்ந்த நடையோடு கூண்டைக் கடந்து, ‘இங்கே நிற்கக்கூடாது’ என்ற பலகையின் அடியில் நின்று திரும்பிப் பார்த்தார். அண்ணன் அதே கூண்டுக்கு வந்திருந்தார். ஃபைல் தம்பியின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது இருவருக்குமே அப்போது நினைவில் இல்லை.

கூண்டிலிருந்த இளம் அதிகாரி பயணத்தின் நோக்கம் என்னவென்று கேட்டான். இங்கேதான் மொழி அண்ணனைக் கவிழ்த்தது. கேள்வியின் சொற்கள் புரியாவிட்டாலும் பொருள் அவருக்குப் புரிந்தது. நாம் ஒருவர் வீட்டு வாசலில் நின்றால், “என்ன வேலையா வந்தீங்க?” என்றுதானே கேட்பார்கள்? நாமும், “ஒரு வேலையா வந்தேன்” என்றுதானே சொல்வோம்? தம்பி சொல்லிக்கொடுத்த ‘விசிட்’ பதற்றத்தில் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. வேலைக்கு ஆங்கிலத்தில் என்னவென்பது அண்ணனுக்கு நன்றாகத் தெரியும்.

“ஒர்க்” என்றார்.

அதிகாரியின் பேனா நின்றது. “ஒர்க்?”

“ஒர்க், ஒர்க். டாட்டர் ஹவுஸ். ஃபுல் ஒர்க்.”

பார்வையாளர் விசாவில் வந்தவர் வேலை செய்யக்கூடாது என்பது எல்லா நாட்டு வாசலிலும் முதல் விதி. அதிகாரி கைப்பையைத் திறக்கச் சொன்னான். உள்ளேயிருந்து மகளின் பழைய தையல் மிஷினுக்காக எடுத்துவந்த, நூல் சுற்றும் பாபின்களும் ஒரு புதிய பெல்ட்டும் வெளியே வந்தன. அவன் பெல்ட்டைத் தூக்கிப் பார்த்ததும், ஆர்வமாகக் கேட்கிறான் என்று எண்ணிய அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “மிஷின்! மீ மெக்கானிக்! ரிப்பேர், ஆல் ரிப்பேர்!” என்று கையால் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார்.

திரும்பிச் செல்லும் டிக்கெட் எங்கே? அழைப்புக் கடிதம் எங்கே? அண்ணன் கையை நீட்டி, பலகையின் அடியில் நின்றவரைச் சுட்டிக் காட்டினார். “பிரதர். ஃபைல், பிரதர்.”

அதிகாரி எட்டிப் பார்த்து உரக்கக் கேட்டான்: “இவர் உங்களோடு வந்தவரா?”

ஆமாம் என்றால் ஒரு சொல்லில் முடிந்திருக்கும். ஆனால் தம்பியின் கண்ணில் தெரிந்தது கறுப்பு முத்திரை. காதில் விழுந்தது நாலு பேர் நடுவில் எழும் சிரிப்பு. ‘ரூல்ஸ் சித்தப்பாவையே திருப்பி அனுப்பிட்டாங்களாமே! அங்க கிளைமேட் ஒத்துக்கலியாம்!’

“இல்லை” என்றார்.

அதிகாரி திரையைப் பார்த்தான். இரண்டு பேருடைய குடும்பப் பெயரும் வேறுவேறாக இருந்தன. தலையை அசைத்து, போகலாம் என்று கைகாட்டினான். தம்பி போனார். நீட்டிய கையை அண்ணன் மெல்ல மடக்கிக்கொண்டதைக் கடைக்கண்ணால் பார்த்தபடியே போனார்.

பெட்டிகள் வந்துசேரும் கூடத்தில் உருளும் பட்டை சுற்றிக்கொண்டிருந்தது. தேய்ந்துபோன மிஷின் பெல்ட்டை வைத்து இறுக்கிக் கட்டிய அண்ணனின் பெட்டி, தம்பியின் முன்னால் வருவதும் கடந்து போவதும் மறுபடி வருவதுமாக இருந்தது. தம்பி அதை எடுக்கவில்லை. எடுத்தால் யாருடையது என்று கேட்பார்களோ என்று பயந்தார். ‘வெளியே போய் அவளிடம் சொல்லி, வக்கீல் யாரையாவது பிடித்து, முறைப்படி விடுவிக்கலாம், இரண்டு பேருமே உள்ளே மாட்டிக்கொண்டால் யாருக்கு என்ன லாபம்?’ என்று தமக்குத் தாமே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார். அலுவலகத்தில் எத்தனையோ குறிப்புகளை எழுதியவர். இது எவ்வளவு கோழையான குறிப்பு என்பது எழுதும்போதே அவருக்குத் தெரிந்தது.

தொலைபேசி ஒலித்தது. அண்ணன் மகள்.

“வந்துட்டீங்களா சித்தப்பா? அப்பா எங்க?”

“பெட்டிக்காக நிக்கறோம்மா. அண்ணன் இதோ… பக்கத்துலதான்.”

“நல்லவேளை. நம்ம பாப்பாவைப் பக்கத்து வீட்டு அக்காகூட அனுப்பியிருக்கேன், வாசல்ல நிக்கறாங்க. இருங்க, அவளையும் லைன்ல சேக்கறேன்.”

சின்னக் குரல் வந்தது: “சின்னத் தாத்தா! தாத்தாகிட்ட குடுங்க. நத்தை உள்ள போச்சான்னு கேக்கணும்.”

தம்பி அழைப்பைத் துண்டித்தார். பட்டையிலிருந்து அண்ணனின் பெட்டியை இழுத்து இறக்கி வைத்தார். வந்த வழியே திரும்பி நடந்தார்.

கதவருகே நின்ற காவலர், இது ஒருவழிப் பாதை, திரும்ப முடியாது என்றார். தம்பி ஆங்கிலத்தில் தெளிவாகத்தான் சொன்னார். குரல்தான் அவருடையதாக இல்லை. “நான் உள்ளே ஒரு பொய் சொல்லிவிட்டேன். அதைத் திருத்த வேண்டும்.”

அவரை அழைத்துப் போன அறையில் ஒரு மேசை, சில நாற்காலிகள், மேசை நடுவில் ஒரு தொலைபேசி. நரைத்த முடியுடைய பெண் அதிகாரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எதிரில் அண்ணன், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உட்கார்ந்த பிள்ளைபோல் கைகளைக் கட்டிக்கொண்டு. மேசையில் பாபின்களை ஒழுங்காக வரிசையில் நிற்க வைத்திருந்தார். தொலைபேசியின் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் தமிழில் பேசிக்கொண்டிருந்தது. எங்கோ வேறோர் ஊரில் உட்கார்ந்தபடி மொழிபெயர்ப்பவள்.

தம்பி நின்றபடியே சொன்னார்: “இவர் என் அண்ணன். கூட வந்தவர் இல்லை என்று நான் சொன்னது பொய்.”

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “வேடிக்கையாக இருக்கிறது. நீங்கள் யாரென்றே தெரியாது, ஆள் மாறிக் கைகாட்டிவிட்டேன் என்று இவர் சொல்கிறார். இரண்டு முறை கேட்டாயிற்று. குடும்பப் பெயரும் வேறு. உங்கள் இருவரில் எதை நான் நம்புவது?”

தம்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, அந்நியரிடம் பேசும் பணிவோடு சொன்னார்:

“சார், நீங்க போங்க சார். உங்களுக்கு ஏன் வீண் தொந்தரவு? நான் பாத்துக்கறேன். நீங்க கெளம்புங்க.”

மொழிபெயர்ப்பவள் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். அதிகாரிக்கு அது சாதாரண வாக்கியம். அவளுடைய மொழியில் எல்லாருக்கும் ஒரே ‘நீ’. ஆனால் பேசத் தெரிந்த நாளிலிருந்து தம்மை ‘நீ’ என்றும் ‘வாடா’ என்றும் ‘போடா’ என்றும் மட்டுமே அழைத்த வாயிலிருந்து ‘சார்’ வந்ததும், ‘நீங்க’ வந்ததும் தம்பியை நிற்கவிடவில்லை. கன்னத்தில் அறை விழுந்திருந்தால் தாங்கியிருப்பார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, வயசுக்குப் பொருந்தாத அழுகை அழுதார்.

“அண்ணா, போதும்ணா. அப்படிக் கூப்பிடாதே. உன் கால்ல விழறேன்.”

நாற்காலி ஒன்று நகரும் ஓசை கேட்டது. பிறகு அண்ணனின் கை அவர் தோளில் விழுந்தது.

“டேய், என்னடா இது? அழாதடா. அந்தம்மா பாக்குது பாரு.”

“என்ன சொன்னார்?” என்றாள் அதிகாரி.

தொலைபேசியில் சிறு தயக்கம். “அழ வேண்டாம், இந்த அம்மாள் பார்க்கிறார் என்றார்.” பிறகு அவளாகவே தொடர்ந்தாள்: “சொன்னதை மட்டும்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்பது எங்களுக்கு விதி. நீங்கள் அனுமதித்தால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்.”

“சொல்லுங்கள்.”

“அவர் வாக்கியத்தின் கடைசியில் ‘டா’ என்று ஓர் எழுத்து இருக்கிறது. அதை உங்கள் மொழிக்குக் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெரியவரை ‘சார்’ என்ற வாயால் அடுத்த மூச்சில் ‘டா’ என்று எங்கள் மொழியில் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அடிதடி ஆகும். இந்த அறையில் ஆகவில்லை. எனக்குத் தெரிந்தவரை இவர்கள் கூடப் பிறந்தவர்கள்.” மேலும் சொன்னாள்: “இன்னொன்று. கூண்டில் ‘ஒர்க்’ என்றாராம். ‘ஒரு வேலையாக வந்தேன்’ என்றால் எங்களுக்கு ‘ஒரு காரியமாக வந்தேன்’ என்றுதான் பொருள். சம்பளத்துக்கு என்று அல்ல.”

அதிகாரி முதன்முறையாகச் சிரித்தாள். பிறகு ஃபைலைக் கேட்டாள். அழைப்புக் கடிதம், டிக்கெட், மருத்துவர் சான்று எல்லாம் அடுக்கின வரிசையில் இருந்தன. ஒரு தாள்கூட மாறியிருக்கவில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, அண்ணனின் பாஸ்போர்ட்டில் முத்திரையை வைத்தாள். தம்பியின் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, எதுவும் எழுதாமல் திருப்பிக் கொடுத்தாள்.

“ஐயா, உங்கள் தாள்களில் குறை ஒன்றும் இல்லை. இவரைத் திருப்பி அனுப்ப அடுத்த விமானத்தில் இருக்கைகூடப் பதிவு செய்துவிட்டோம். உங்களுடைய அந்த ஒரு ‘இல்லை’யை நம்பித்தான்.”

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது தம்பிக்கு. அவள் திட்டவில்லை.

நடைவழியில் பெட்டிகளை உருட்டிக்கொண்டு வரும்போது தம்பி கேட்டார்: “ஏண்ணா என்னைத் தெரியாதுன்னே?”

“நீ இல்லைன்னு சொல்லிட்டே. நான் ஆமான்னா நீ பொய் சொன்னதா ஆயிடாதா? உனக்கு ரெக்கார்டு முக்கியம்னு எனக்குத் தெரியாதா?” என்றார் அண்ணன். பிறகு குனிந்து பெட்டியின் கட்டை இழுத்துப் பார்த்தார். “பெல்ட் தாங்கிடுச்சு பாத்தியா? பழசுதான், ஆனா கெட்டி.”

வெளியே தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேத்தி நின்றிருந்தாள். தாத்தாவைக் கண்டதும் முதல் கேள்வி: “நத்தை உள்ள போச்சா?”

“போச்சே. கொஞ்சம் லேட்டாயிடுச்சு.”

“ஏன் லேட்டு?”

“அதுங்க ரெண்டு நத்தைம்மா. ஒண்ணு முன்னாடி போயிடுச்சு. அப்புறம் அதுவே திரும்பி வந்து கூட்டிட்டுப் போச்சு.” இவ்வளவுதான் சொன்னார். முன்னால் போனது ஏன் போயிற்று என்பதைச் சொல்லவில்லை. தம்பி பெட்டியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் அண்ணன் மகள் தலையணையில் சாய்ந்தபடி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏதோ கொஸ்டின் கேட்டு நிறுத்தி வச்சாங்கன்னு அப்பா சொன்னார். நீங்க இல்லைன்னா அவர் தனியா என்ன பண்ணியிருப்பார் சித்தப்பா? நான் யாரைக் கூப்பிட்டிருப்பேன்?”

தம்பி வாயைத் திறந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தார். அதற்குள் சமையலறையிலிருந்து காபி டம்ளரோடு வந்த அண்ணன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டார். பழுதான இடம் கண்டால் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது அவர் கைப்பழக்கம். இடுப்பை வளைத்து, டம்ளரை இரண்டு கையாலும் நீட்டி, “சார், காபி எடுத்துக்கோங்க சார்!” என்றார்.

சிரிப்பில் கரைத்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “இது என்ன புதுசா, சாரு மோருன்னு?”

“ஏர்போர்ட்ல எல்லாரும் சித்தப்பாவை சார், சார்னுதான் கூப்பிட்டாங்க. பெரிய மரியாதை.”

பேத்திக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. “சார் தாத்தா! சார் தாத்தா!” என்று கட்டிலைச் சுற்றிக் குதித்தாள்.

அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. குழந்தை பிறந்து, அண்ணன் மகள் எழுந்து நடமாடி, மருமகன் கப்பலிலிருந்து வந்த பிறகும் அதுவே பெயர். “சார் தாத்தா, ஷூ எங்க?” “சார் தாத்தா, பாப்பா முழிச்சிடுச்சு!” யார் எதற்குக் கூப்பிட்டாலும், செய்தித்தாள் மடியில் இருந்தாலும், சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருந்தாலும், தம்பி சட்டென்று எழுந்து நின்றுதான் “வரேம்மா” என்பார், கூண்டுக்குள்ளிருந்து யாரோ அழைத்துவிட்டதுபோல.

பேத்திக்கு அது ஒரு விளையாட்டு. வேலை ஒன்றும் இல்லாதபோதும், அவர் எழுந்து நிற்பதைப் பார்ப்பதற்காகவே கூப்பிடுவாள்.